இந்த வாய் யாருக்கு

மேற்கே மலை, கிழக்கே மலை, நடுவில் காற்று வந்து போவதற்கென்றே விட்ட வாசல் போல ஒரு கணவாய், அந்த வாசலை ஒட்டிக் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை வெள்ளையாகக் காற்றாடிகள் நின்று சுற்றுகிற ஊர் செம்மண்விளை. அந்த ஊரில் நாலு வயசுப் பிள்ளை ஒன்று, தெருக்காரர்களின் பாரத்தையெல்லாம் வாய் வாயாக வாங்கித் தின்று தன் உடம்பில் வைத்திருந்தது. பிள்ளையின் பேர் சஷ்டிகா. சஷ்டி விரதம் இருந்து பெற்றதால் அந்தப் பேர், கூப்பிடுவதற்கு சஷ்டி. பார்க்க முருங்கைக்காய்க்குச் சட்டை போட்டு விட்டது போலத்தான் இருப்பாள். ஆனால் அவள் உட்கார்ந்தால் கயிற்றுக் கட்டில் தொய்ந்து தரையைத் தொட்டது, அவள் நின்று விளையாடிய இடத்தில் சிமெண்டுத் தரை வட்டமாக அமுங்கிப் போயிருந்தது, அவளைப் பெற்ற இசக்கி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தது வைகாசிக்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை.

எல்லாம் தொடங்கியது பங்குனி மாதத்து எடை நாளில். பால்வாடியில் உத்தரத்தில் தொங்குகிற தராசில் பிள்ளைகளை ஒவ்வொன்றாக உட்காரவைத்து எடை பார்த்து, சுவரில் ஒட்டிய அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஓடுகிற பட்டைகளுக்குள் புள்ளி வைப்பார்கள். சஷ்டியின் புள்ளி மஞ்சளில் விழுந்தது. அட்டையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்த்தார்கள். அன்று சாயங்காலமே அடுத்த வீட்டுச் சந்தனமாரி மதினி, இசக்கியின் புருஷனுக்கு அக்கா, வேலிக்கு மேலே தலையை நீட்டி, பிள்ளைக்குப் பிசைகிற சோற்றை நீ ருசி பார்த்தே தீர்த்துவிடுகிறாயா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். வெறும் சிரிப்புதான், ஆனாலும் அது இசக்கியின் தொண்டையில் மீன்முள் மாதிரிக் குறுக்காக நின்றது. அப்புறம் அவள் விழுங்கிய ஒவ்வொரு கவளமும் அந்த முள்ளில் பட்டுத்தான் உள்ளே இறங்கியது.

பால்வாடி டீச்சர் பார்த்துவிட்டு, இசக்கியின் நம்பரை ஒரு போன் வகுப்பில் சேர்த்துவிட்டாள். பள்ளிக்கூடம் போகிற வயசு வராத பிள்ளைகளின் அம்மாமார்களுக்கான வகுப்பு. மத்தியானம் சோறு வைக்கிற நேரம் பார்த்து, மதுரைப் பக்கம் எங்கோ உட்கார்ந்துகொண்டு, ஆமினா என்ற சின்னப் பெண் திரையில் வருவாள். அங்கே படிக்க வந்த அம்மாமார்களில் பாதிப் பேருக்குத் தங்கச்சி வயசுதான் இருக்கும் அவளுக்கு. பேசும்போதே அவள் பிள்ளை முந்தானையைப் பிடித்து இழுக்கும், அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இவர்களுக்கும் பதில் சொல்வாள். திரையின் ஒரு கட்டத்தில் மஞ்சள் புள்ளிப் பிள்ளையின் அம்மா, பக்கத்துக் கட்டத்தில் சட்டைப் பொத்தான் தெறிக்கிற பையனின் அம்மா, இரண்டு பேருக்கும் அவள் சொன்னது ஒன்றுதான்: என்ன சமைப்பது, எப்போது வைப்பது என்பது பெரியவர்கள் பாடு; எவ்வளவு தின்பது என்பது பிள்ளையின் பாடு; அந்தப் பாட்டில் நாம் கை வைக்கக் கூடாது. இதைக் கேட்ட சந்தனமாரி மதினி, இளைத்த மாட்டுக்கும் கொழுத்த மாட்டுக்கும் ஒரே மருந்து கொடுக்கிற வைத்தியச்சியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள்.

இசக்கிக்கும் அப்படித்தான் தோன்றியது. சஷ்டியை அவள் பாட்டில் விட்டால் காற்றைத் தின்றுவிட்டுத் தூங்கிவிடுவாளே என்று நினைத்தாள். அதனால் தன் முகம் தெரியாதபடி கேமராவை அணைத்துவிட்டு, போனை அரிசிப் பானைமேல் சாய்த்து வைத்து, பிள்ளையைப் போன் பார்த்தபடி உட்காரவைத்து, கட்டம் கட்டமாக அம்மாமார்களின் முகங்களைப் பிள்ளை வாய் பிளந்து பார்க்கிற நேரத்தில் சோற்றை உள்ளே தள்ளினாள். ஊட்டாதீர்கள் என்று சொல்கிற வகுப்பை வேடிக்கை காட்டியே ஊட்டினாள். பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டால், இந்தப் பக்கத்துத் தாய்மார்கள் எல்லோரும் செய்கிறதைச் செய்தாள்: உருண்டையை உயரத் தூக்கி, இது அப்பாவுக்கு ஒரு வாய் என்றாள். சஷ்டிக்கு அப்பா என்றால் உயிர். வாய் திறந்தது. இது அத்தைக்கு ஒரு வாய். திறந்தது. இது கடைத் தாத்தாவுக்கு ஒரு வாய். அதற்கும் திறந்தது. தட்டு காலியாயிற்று. பேருக்கு ஒரு வாய் என்று வைத்துக்கொண்டால் உலகத்தில் பேருக்கா பஞ்சம்.

அன்று பொழுது சாய்கையில் அவள் புருஷன் சொரிமுத்து போன் செய்தான். அவன் கணவாயின் அந்தப் பக்கத்தில் காற்றாடிக் கம்பெனியில் ஆள். காற்றாடித் தூணுக்குள்ளே நட்டுக்குத்தலாக நிற்கிற இரும்பு ஏணியில் ஏறி, உச்சியில் எண்ணெய் போட்டு, நட்டு முடுக்கிவிட்டு இறங்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். ஏறி இறங்கினால் தொடை இரண்டும் கல்லாகிவிடும் என்று தினமும் முனகுகிறவன், இன்றைக்கு ஏணி ஏறினதே தெரியவில்லை, யாரோ கீழே இருந்து தூக்கிவிட்ட மாதிரி இருந்தது என்றான். அதே நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் சந்தனமாரி மதினி, மூன்று வருஷமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு எடுத்த தண்ணீர்க் குடத்தை, இரண்டு கையிலும் இரண்டாகப் பாட்டுப் பாடிக்கொண்டு எடுத்துப்போனாள். எதிர்ச் சாரியில் கடைத் தாத்தா தவசிக்கண்ணு அண்ணாச்சி, முழங்கால் வலியால் கடைக்குள் இருந்தபடியே கம்பை நீட்டிப் பழக்குலையை எடுக்கிறவர், எழுந்து நடந்து வந்து தெருவில் நின்றார்.

சித்திரை எடை நாளில் சஷ்டியின் புள்ளி பச்சையில் விழுந்தது. இசக்கி அட்டையின் முன்னால் நின்று, வேலிக்கு மேல் சிரித்தவர்கள் எல்லோரும் வந்து பார்க்கிற மட்டும் நகராமல் நின்றாள். வைகாசி எடை நாளில் தராசின் முள் எண்களையெல்லாம் தாண்டி, சுற்றி வந்து முதலில் இருந்த இடத்திலேயே நின்றது; பிறகு கொக்கி விரிந்து தராசு கீழே விழுந்தது. பால்வாடி டீச்சர் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். அதே குச்சிக் கை, அதே குச்சிக் கால். அட்டையில் ஒரு கோடு இழுத்துவிட்டு, அடுத்த மாசம் நெல் மூட்டை போடுகிற தராசு கேட்டு வாங்கி வைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

செம்மண்விளை ஒன்றும் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் ஊரில் ஒரு கிணற்றுத் தண்ணீர் இனித்தால் எப்படி எல்லோரும் குடத்தோடு போய் நிற்பார்களோ, அப்படிப் போய் நின்றார்கள். காலையில் இட்லிக்கு மேலத் தெரு, மத்தியானச் சோற்றுக்குக் கீழத் தெரு, சாயங்காலம் பாலுக்கும் பிஸ்கட்டுக்கும் கடைத் தெரு என்று தாங்களாகவே முறை வைத்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு வரக் கூடாது என்று முட்டையும் நெய்யும் கிண்ணம் கிண்ணமாக வந்தன. மினிபஸ் கண்டக்டர் பிள்ளையை ஏற்றினால் டயர் தாங்காது என்று கும்பிட்டுவிட்டு, தன் பேரையும் ஒரு வாய் சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு போனான். செத்துப்போன புருஷனின் பேரைச் சொல்லலாமா, அங்கேயாவது அவர் லேசாக இருக்கட்டும் என்று ஒருத்தி கேட்க, அது தெருவில் ஒரு வாரம் வழக்காக ஓடி, செவ்வாய்க்கிழமை மட்டும் சொல்லலாம் என்று முடிந்தது. சினை மாட்டின் பேரைச் சொல்லக் கேட்டவனைத்தான் எல்லோரும் சேர்ந்து விரட்டினார்கள். பிள்ளை உட்காருகிற இடம் புதைகிறது என்று கோயில் வேலைக்கு இறக்கிய கல்பலகை ஒன்றைத் தூக்கி வந்து இசக்கியின் வீட்டுக்குள் போட்டுக்கொடுத்தார்கள். பலகையைத் தூக்கியவர்கள் அதைப் பலகாரத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார்கள், அவ்வளவு லேசாக இருந்தது ஊர். வயசானவர்கள் துள்ளி நடந்தார்கள். கல்யாண வீட்டுக் கிழவர்கள் பந்தலில் குதித்து மாலையைப் பிடித்தார்கள்.

பிள்ளை மட்டும் ஓடுவதை விட்டுவிட்டாள். முதலில் ஓட்டம் போயிற்று, பிறகு நடை சுருங்கிற்று, பிறகு கல்பலகையே கதி என்றாயிற்று. அழவும் இல்லை. யாராவது கிண்ணத்தோடு உள்ளே வந்தால் அவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாயைத் திறந்தாள். முன்பெல்லாம் இசக்கி அடுப்படியிலிருந்து வெளியே வந்தால் போதும், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு காலைச் சுற்றுவாள், தூக்கு தூக்கு என்று. ஒருநாள் இசக்கி குனிந்து தூக்கப் பார்த்து, முதுகில் ஏதோ நரம்பு சுளுக்கி, முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்ததிலிருந்து சஷ்டி கையைத் தூக்கவே இல்லை.

இனி நிறுத்திவிடலாம் என்று இசக்கி சொல்லிப் பார்த்தாள். மதினி உடனே வேலிக்கு வந்துவிட்டாள்.

"ஏட்டி, பிள்ளை மஞ்சள்ல கெடந்தப்ப எந்த முகத்த வச்சிட்டு நின்ன, மறந்துட்டியா? இன்னிக்கு ஊரே முட்டையும் நெய்யும் கொண்டாந்து ஊட்டுது. அது ஒனக்குக் கசக்குதோ?"

சொரிமுத்துவோ, இந்த வேகத்தில் ஏறி இறங்குகிறவன் இந்தக் கணவாயிலேயே கிடையாது என்று கம்பெனியில் பேச்சு அடிபடுகிறது, வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள், ஆடி முடிகிற மட்டும் என் பேரை விட்டுவிடாதே என்றான். ஆனால் ஆனி பிறந்து காற்று எடுக்கத் தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்த கோலம் வேறு. கால்சட்டைப் பையெல்லாம் கனத்துக்குப் போட்ட சரளைக் கல். வாசலில் திரைச்சீலை ஆடி அவன் நெஞ்சில் பட்டதும் ஓர் அடி பின்னால் போனான். பிள்ளையை மடியில் வைக்க ஆசைப்பட்டு முடியாமல், பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டது பாசத்தாலா, பறந்துவிடாமல் இருக்கவா என்று இசக்கியால் சொல்ல முடியவில்லை.

அந்த வாரத்து வகுப்பில் அவள் கேமராவை அணைக்க மறந்துவிட்டாள். போனை அரிசிப் பானைமேல் சாய்த்துவிட்டு, இது அப்பாவுக்கு, இது அத்தைக்கு என்று வழக்கம்போல ஆரம்பித்தாள். சஷ்டி முகத்தைத் திருப்பினாள். உருண்டை அவள் வாயைத் தேடிக்கொண்டு பின்னாலேயே போயிற்று. போனுக்குள் ஆமினாவின் பேச்சு நின்றுபோனது இசக்கிக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. கட்டம் கட்டமாக அத்தனை அம்மாமார்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒங்களத்தான். கொஞ்சம் கைய கீழ வைங்க," என்றாள் ஆமினா. "பாப்பா வாய அவளாத் தெறக்கல. நீங்க பேர் சொல்லும்போதுதான் தெறக்குறா."

இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று இசக்கி உள்ளதைச் சொன்னாள். பேர் சொல்லாவிட்டால் பிள்ளை தின்ன மாட்டாள். சொன்னால், அந்த ஆளின் கனம் வந்து பிள்ளைமேல் உட்கார்ந்துகொள்கிறது. இப்போது ஊரே பிள்ளைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஆமினா இதற்கு மலைக்கவில்லை. எத்தனை மாசமாக என்று கேட்டாள், பங்குனியிலிருந்து என்றதும் தலையை ஆட்டிக்கொண்டாள், பிள்ளைக்குப் பல் வந்ததா என்று கேட்கிற மாதிரியான குரலில் அடுத்ததைக் கேட்டாள்.

"வாய மூடிக்கிறதும் பேச்சுதான்க்கா, தலையத் திருப்புறதும் பேச்சுதான். அதக் கேட்டு, ஒருதரமாச்சும் தட்ட எடுத்திருக்கீங்களா?"

இல்லை. ஒரு தரம்கூட இல்லை. தட்டில் சோறு கிடக்க, பிள்ளையை எழுந்திருக்க விடுகிற வழக்கம் இசக்கி பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில்தான் அவள் உருண்டையைத் தட்டில் போட்டு, தட்டைத் தூக்கி அடுப்பு மேடையில் வைத்தாள். சஷ்டி திரும்பி, அம்மாவை ஏதோ புதிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அந்த நேரத்தில் எதிர்ச் சாரியில் கடைப்படியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த தவசிக்கண்ணு அண்ணாச்சி, யம்மா என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். கல்பலகையில் எங்கோ ஒரு சின்ன முனகல் கேட்டது, மாட்டுவண்டியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினால் நுகத்தடி விடுகிற மூச்சு மாதிரி.

அப்படியானால் வழி இருக்கிறது. இசக்கி அன்று சாயங்காலமே பாலைக் கொடுத்துவிட்டு, கண்ணு, போதும்னு சொல்லு, அம்மாவுக்காகச் சொல்லு மக்ளே என்று கெஞ்சினாள். பிள்ளை கிளி மாதிரி, போதும் என்றாள். ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவில்லை என்பதுகூட இல்லை, இசக்கியின் உடம்பு சட்டென்று லேசாகி, பிள்ளையின் அடியில் பலகை ஒரு நூல் அமுங்கிற்று. அம்மாவுக்காகச் சொன்ன சொல்லும் அம்மாவுக்காகத் தின்ற ஒரு வாய்தான் என்று அப்போது அவளுக்கு விளங்கியது. பிள்ளையாக, பிள்ளைக்காகச் சொன்னால்தான் உண்டு. இரவல் வாங்க முடியாத சொல் அது. அதற்குள் அண்ணாச்சி நொண்டிக்கொண்டு வந்து, என்ன குறை வைத்தோம் என்று கேட்டார். அவர் பின்னால் தெரு வந்தது. நினைப்பில் நிரந்தர வேலை வந்தது, மஞ்சள் புள்ளி வந்தது, மதினியின் சிரிப்பு வந்தது. மறுநாள் காலை இட்லிக்கு மேலத் தெருவின் பேர்களை இசக்கி தன் வாயாலேயே சொன்னாள்.

ஆடி பிறந்தது. ஆடிக் காற்று என்று மற்ற ஊரில் சொல்வது செம்மண்விளைக்காரர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இங்கே அடிக்கிறது காற்று இல்லை, மலை இரண்டும் சேர்ந்து பிடித்துத் தள்ளுகிற தள்ளு. கொடியில் துணி நிற்காது, கோழி நடுத்தெருவில் நடக்காது. பேர் சொல்லிச் சொல்லி லேசாகிப்போன ஊர் அந்த ஆடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. கிழவர்களை வீட்டுக்குள் தூணோடு துண்டால் கட்டி வைத்தார்கள். அப்போதும் ஒருத்தரும், பேரைச் சொல்லாதே என்று வந்து சொல்லவில்லை. இடுப்பில் அம்மிக் குழவியைக் கட்டிக்கொண்டு கிண்ணத்தோடு வந்து நின்றார்கள்.

அன்று மத்தியானம் இசக்கி கீரையும் பருப்புமாகச் சோற்றைப் பிசைந்து அப்பளத்தோடு தட்டில் வைத்த நேரம் போன் அடித்தது. முதலில் காற்றுதான் கேட்டது. காற்றுக்கு நடுவே சொரிமுத்து பேசினான்.

"இசக்கி, காலு தளத்துல நிக்க மாட்டுக்கு."

"எங்க இருக்கிய?"

"உச்சியில. கதவத் தொறந்து வெளிய வந்தேன், அப்படியே தூக்கிட்டு. கொக்கி மாட்டிருக்கேன், கயிறு இருக்கு. கூட வந்த லாரன்ஸு காலப் பிடிச்சு இழுக்கான், அவனால முடியல. துணி மாதிரி ஆடுதேன்." கொஞ்ச நேரம் காற்று. பிறகு, அவன் சுபாவம், சிரிக்கப் பார்த்தான். "கயிறு அறுந்தா வள்ளியூர்ப் பக்கம் எங்கயாச்சும் வந்து பொறுக்கிக்கோ."

இசக்கி திரும்பிப் பார்த்தாள். தட்டின் முன்னால் சஷ்டி உட்கார்ந்திருக்கிறாள். பங்குனியிலிருந்து அவன் பேரைச் சொல்லிச் சொல்லி ஊட்டிய வாய் அத்தனையும், அவனுடைய எலும்பும் சதையும் அத்தனையும், அந்தக் குச்சி உடம்புக்குள் இருக்கின்றன. பிள்ளை போதும் என்று ஒரு சொல் சொன்னால் அவன் கீழே இறங்குவான். அதைச் சொல்லு என்று கேட்க முடியாது. அப்பாவைக் காப்பாற்று மக்ளே என்று அழுதால், அது அப்பாவுக்கு இன்னொரு வாய். அந்த ஒரு வாய் போதும், கயிறு அறுவதற்கு.

போனை அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை. தரையில் கவிழ்த்து வைத்தாள். தட்டைப் பிள்ளையின் பக்கம் தள்ளினாள். தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின்மேலேயே உட்கார்ந்தாள்.

சஷ்டி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. வாயை மூடினாள். கவிழ்ந்து கிடந்த போனிலிருந்து காற்றின் சத்தம் தரை வழியாக வந்துகொண்டிருந்தது.

"யாருக்கு?" என்று கேட்டாள். அம்மா பேசாமல் இருக்கவும், "அப்பாவுக்கா?"

 அந்தச் சின்னக் கை தட்டில் இருந்தது, ஒரு பருக்கை விரலில் ஒட்டியிருந்தது. ஆமாம் என்று தலை தானாக அசையப் பார்த்தது, அத்தனை மாதப் பழக்கம்.

"யாருக்கும் இல்ல மக்ளே," என்றாள். "பசிச்சா தின்னு."

அந்தச் சமயத்தில் சந்தனமாரி மதினி கதவைத் தட்டினாள், இன்றைக்கு என் பேரை முதலில் சொல்லு, இடுப்பு நேற்றிலிருந்து ஒரு மாதிரி இழுக்கிறது என்றபடி. இசக்கி நகர்ந்துபோய்க் கதவை முதுகால் அணைத்துக்கொண்டு, இடுக்கு வழியாக, பிள்ளை காதில் விழாத குரலில் சொன்னாள்.

"மதினி, ஒங்க தம்பி உச்சியில தொங்குதாவ. பிள்ளையாவே போதும்னு கைய எடுக்கணும். ஒரு சத்தம் போடாதிய."

வெளியே கிண்ணம் தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மதினி இருக்கிறாளா போய்விட்டாளா என்று தெரியாதபடி அமைதி. ஆனால் அவள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்த அண்ணாச்சி கடை ரேடியோவை நிறுத்தினார். ரேடியோ நின்றதைப் பார்த்து அடுத்த வீட்டு டிவி நின்றது, அதைப் பார்த்து மிக்சி நின்றது, ஒருத்தரிடம் இன்னொருத்தர் என்ன என்று விரலால் கேட்டு விரலால் தெரிந்துகொள்ள, அத்தனை மாதமாகப் பேர் பேராகச் சொல்லிக்கொண்டிருந்த தெரு ஒரு பேரும் சொல்லாமல், தூணையும் சுவரையும் பிடித்துக்கொண்டு, ஒரு நாலு வயசுப் பிள்ளை தின்று முடிக்கட்டும் என்று காத்து நின்றது. காற்று மட்டும் தன் பாட்டுக்குக் கத்தியது.

சஷ்டி அப்பளத்தை எடுத்தாள். கடிக்கவில்லை, நொறுக்கினாள். நொறுக்கியதைச் சோற்றைச் சுற்றி வரிசையாக வைத்தாள். ஒன்றை எடுத்து ஓர் எறும்புக்கு முன்னால் போட்டு, எறும்பு அதைச் சுற்றிப் போவதைக் குனிந்து பார்த்தாள். இசக்கியின் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கில் இறங்கியது. துடைக்கவில்லை, கை வெளியே வந்தால் சோற்றை உருட்டிவிடும். போனில் ஏதோ இரும்பு கிறீச்சென்றது. சஷ்டி ஒரு பிடி சோற்றை எடுத்து வாயில் வைத்தாள். பாதி கீழே சிந்தியது. மென்றாள். தனக்கென்று ஒரு வாய் எப்படி இருக்கும் என்று பார்க்கிறவள் போல, கண்ணை மேலே வைத்துக்கொண்டு மெதுவாக மென்றாள். இன்னொன்று. அப்புறம் கீரையை மட்டும் பொறுக்கி ஒன்று. தண்ணீர் குடித்தாள். தம்ளருக்குள் முகத்தை விட்டு ஊதி, குமிழி வருவதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இசக்கி மறந்தே போயிருந்தாள். இந்த நேரத்தில் அதைக் கேட்டது தாங்க முடியாததாக இருந்தது.

தட்டில் பாதிக்கு மேல் சோறு கிடந்தது. சஷ்டி கையை நக்கினாள். தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தட்டை இரண்டு கையாலும் தள்ளினாள்.

"போதும்."

இசக்கியின் வலது கை தொடைக்கு அடியிலிருந்து தானாகவே வெளியே வந்துவிட்டது. வெளியே வந்து, இன்னும் ஒரே ஒரு வாய் என்று உருட்டுவதற்கு விரலைக் குவித்துக்கொண்டு, தட்டுக்கு மேலே நின்றது. அவளுடைய அம்மாவின் கை அது, அம்மாவின் அம்மாவின் கை. அந்தக் கையைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது. இசக்கி அந்தக் கையாலேயே தட்டின் விளிம்பைப் பிடித்தாள்.

"சரி மக்ளே," என்றாள். தட்டை எடுத்துப் பின்கட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

முதலில் படியில் சந்தனமாரி மதினி, அட என் இடுப்பே என்று மெல்லச் சொன்னாள். பிறகு எதிர்ச் சாரியில் அண்ணாச்சியின் ஸ்டூல் முனகியது. பிறகு வீட்டுக்கு வீடு கட்டில்கள் கிரீச்சிட்டன, தூணில் கட்டியிருந்த துண்டுகள் தொய்ந்தன, மாதக்கணக்கில் துள்ளி நடந்த கால்களெல்லாம் ஒவ்வொன்றாகத் தரையை அழுத்தி ஊன்றின. மழை தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போகிற மாதிரி அந்தக் கனம் நடந்து போயிற்று. ஊர் முழுவதும் இறங்கிவிட்டது. போனில் இன்னும் காற்றுதான். முதலில் சொன்ன பேர் அடியில் கிடக்கும், அது கடைசியில்தான் வரும் என்று இசக்கி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடியில் கிடக்கும். அடியில்தான் கிடக்கும். கல்பலகை நீளமாக ஒரு மூச்சு விட்டது. போனுக்குள் டங்கென்று இரும்பில் ஒரு சத்தம், அதன் பின்னால் இன்னொன்று. இரண்டு பூட்ஸ் கால்கள் உச்சித் தளத்தில் வந்து நின்ற சத்தம். லாரன்ஸ் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டி அழுதான்.

சொரிமுத்து பொழுது அடைவதற்குள் வந்து சேர்ந்தான். தெருமுனையில் வரும்போதே அவன் செருப்புச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. வழியில் நொண்டுகிறவர்கள் நொண்டிக்கொண்டு, இடுப்பைப் பிடிக்கிறவர்கள் பிடித்துக்கொண்டு, அவரவர் குடத்தை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள். மதினி மட்டும், நிரந்தர வேலை போச்சே என்று முனகிவிட்டு, தம்பியின் தோளை ஒரு முறை அழுத்திப் பார்த்தாள், சந்தையில் பூசணிக்காயைப் பார்ப்பது போல. சொரிமுத்து பையிலிருந்த சரளைக் கற்களை வாசலில் கொட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

இசக்கி பின்கட்டுக்குப் போனாள். மத்தியானத்துத் தட்டு அப்படியே கிடந்தது, சோற்றில் எறும்பு ஏறியிருந்தது. அதைக் கோழிக்குப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு திரும்பினால், பின்வாசலில் சஷ்டி நின்றாள். பலகையை விட்டு எழுந்து, யாரும் கூப்பிடாமல், வீட்டைக் கடந்து வந்திருக்கிறாள். அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு, வைகாசிக்கு முன்னால் தூக்கிய மாதிரி, இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

இசக்கி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். காலை அகட்டி ஊன்றி, பல்லைக் கடித்து, ஊரையே தூக்குகிற அளவுக்குத் தெம்பைத் திரட்டிக் குனிந்து, பிள்ளையின் கக்கத்தில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கினாள். பிள்ளை விருட்டென்று மேலே போய், நிலைப்படியில் தலை இடிக்கப் பார்த்து, அம்மாவின் முகத்துக்கு நேரே இறங்கிச் சிரித்தது. இசக்கி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டாள். எலும்பு இடுப்பில் குத்தியது. இளைப்பா, கனமா, மஞ்சளா, பச்சையா என்று அவள் பார்க்கவில்லை. ஒரு நாலு வயசுப் பிள்ளையின் எடை. வேறு யாரும் அதில் இல்லை.